புதுப் பெயிண்ட் அடித்த பாத்ரூம் சீலிங்கில் கறையா? பிரஷ்ஷை எடுக்கும் முன் இதைப் பாருங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் மதுரையில் பெயிண்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பொங்கலுக்குள் முடித்துக் கொடுக்கச் சொல்லி எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள். அவரும் ஹால், படுக்கையறை எல்லாம் முடித்து, கடைசி நாள் சாயங்காலம் பாத்ரூமுக்குள் நுழைந்து சீலிங்கில் அவசர அவசரமாக ரெண்டு கோட்டிங் ஓட்டிவிட்டுக் கணக்கை முடித்துக்கொண்டு போய்விடுவார். மறுநாள் காலையிலேயே கீசரைப் போட்டு வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வரிசையாகக் குளிப்பார்கள். ஒரு வாரம் கழித்து அண்ணாந்து பார்த்தால் வெள்ளைச் சீலிங்கில் அங்கங்கே பழுப்பாக ஒழுகிய தடம். பெயிண்டரைக் கூப்பிட்டால், "அது ஒண்ணுமில்லண்ணே, இன்னொரு கோட்டிங் ஓட்டுனா சரியாப் போயிரும்" என்பார்.

பெரும்பாலும் போகாது. சீலிங்கில் வரும் கறைகள் கீழே நின்று பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் அவை வருகிற வழி வேறு வேறு, அதனால் வைத்தியமும் வேறு வேறு. சிலது ஈரத்துணியால் துடைத்தாலே போய்விடும், சிலதுக்குப் பிளம்பர் வேண்டும், சிலதுக்குக் கொத்தனார், சிலதுக்கு மேல் வீட்டுக் கதவைத் தட்டிப் பேச வேண்டும். எது எது என்று பார்க்காமல் மேலே மேலே பெயிண்டை ஏற்றுவது காசைக் கரியாக்கும் வேலை.

அதனால் முதலில் ஏணியில் ஏறிக் கறையைக் கிட்டத்தில் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டூல் வேண்டாம், ஈர டைல்ஸில் அது வழுக்கும். தரையைத் துடைத்துக் காயவிட்டு, ஏணியைக் கீழே ஒருவர் பிடித்துக்கொள்ள ஏறுங்கள். கறை லைட்டுக்கோ எக்ஸாஸ்ட் ஃபேனுக்கோ பக்கத்தில் இருந்தால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் தொட வேண்டும். கையில் ஒரு டார்ச், ஒரு ஈரத்துணி, ஒரு பென்சில் போதும். டார்ச்சை நேராக அடிக்காமல் சீலிங்கை ஒட்டிச் சாய்வாக அடித்தால் மேடு, உப்பல், விரிசல் எல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

பழுப்பாக, பளபளவென்று ஒழுகிய தடம்

பெயிண்ட் அடித்து ஓரிரு வாரத்துக்குள் வருவது பெரும்பாலும் இதுதான். மஞ்சளிலிருந்து காப்பி நிறம் வரை இருக்கும், சொட்டாக நிற்கும் அல்லது சுவரில் கோடாக இறங்கியிருக்கும், சாய்ந்த வெளிச்சத்தில் பளபளக்கும். விரலை நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். சோப்பைத் தொட்டதுபோல வழவழவென்று கரைந்து விரலில் ஒட்டும். அப்படிக் கரைந்தால் நிம்மதியாக இருங்கள், சீலிங்கில் ஓட்டை ஒன்றும் இல்லை.

இது பெயிண்டுக்குள்ளிருந்தே வருவது. தண்ணீரில் கலக்கும் எமல்ஷன் பெயிண்டில் நிறமும் பசையும் தண்ணீரோடு சேர்ந்து நிற்பதற்காகச் சோப்பு மாதிரியான சில பொருட்களையும், பெயிண்ட் சீக்கிரம் காய்ந்துவிடாமல் இருக்க கிளைக்கால் போன்றவற்றையும் சேர்த்திருப்பார்கள். பெயிண்ட் ஒழுங்காக இறுகினால் இவை உள்ளேயே அடங்கிக் கிடக்கும், கொஞ்சம் கொஞ்சமாகப் போயும்விடும். இறுகுவதற்கு முன்பே நீராவி ஏறி மேலே தண்ணீர் கோத்துக்கொண்டால் அந்த ஈரம் இவற்றைக் கரைத்து வெளியே இழுத்துவிடுகிறது. தண்ணீர் காய்ந்த பிறகு மிஞ்சுவதுதான் அந்தப் பழுப்புத் தடம். தொட்டால் ஒட்டாத அளவுக்குப் பெயிண்ட் காய ஒரு மணி நேரம் போதும், ஆனால் முழுதாக இறுகுவதற்கு மூன்று நான்கு வாரம்கூட ஆகும் என்பதைப் பெயிண்டர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கலர் அடித்த சீலிங்கில் இது இன்னும் அதிகமாக வரும். வெள்ளை வாளியில் ஸ்டெய்னர் பாட்டிலைக் கவிழ்த்துக் கண் அளவில் கலர் கலக்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அந்த ஸ்டெய்னரிலும் இதே கரையும் சரக்குதான் நிறைய இருக்கிறது. பாட்டில்மேல் போட்டிருக்கும் அளவைத் தாண்டி ஊற்றினால் கறைக்கு நாமே வழி செய்து கொடுத்த மாதிரி. முதல் கோட்டிங் காயாமல் இரண்டாவதை ஓட்டினாலும், தடியாக அப்பினாலும் இதே கதைதான்.

சரி செய்வது சுலபம். வெதுவெதுப்பான தண்ணீரில் மெல்லிய துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் துடைத்து எடுங்கள். ஸ்க்ரப்பர் போட்டுத் தேய்த்தால் இன்னும் இறுகாத பெயிண்டும் சேர்ந்து வந்துவிடும். துடைத்ததும் காய்ந்த துணியால் ஒற்றிவிட்டு ஃபேனைப் போட்டுக் காயவிடுங்கள். மறுபடி ஒன்றிரண்டு தடவை வரலாம், வந்தால் அதே மாதிரி துடையுங்கள், தானாக நின்றுவிடும். வந்தவுடன் துடைப்பதுதான் முக்கியம், மாதக்கணக்கில் விட்டுவிட்டால் அங்கேயே ஊறி நிரந்தரமாகத் தடம் விழுந்துவிடும். இதன் மேல் இன்னொரு கோட்டிங் அடித்தால் என்ன ஆகும்? அடியில் இருக்கும் பிசுபிசுப்பில் புதுப் பெயிண்ட் சரியாகப் பிடிக்காது, புதுப் பெயிண்டிலிருந்தும் அதே சரக்கு கசியும்.

கறுப்பு, பச்சைப் புள்ளிகள்

மூலையிலும், ஷவருக்கு நேர் மேலேயும், கீசருக்குப் பின்னாலும் மிளகைத் தூவிய மாதிரி புள்ளி புள்ளியாக வந்தால் அது பூஞ்சை. ஒட்டடையும் அழுக்கும்கூட இப்படித் தெரியும் என்பதால் ஒரு சோதனை செய்துவிடுங்கள்: ஒரு பஞ்சில் பிளீச்சை லேசாகத் தொட்டு ஒரு புள்ளியில் வையுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளுத்தால் பூஞ்சை, அப்படியே கறுப்பாக நின்றால் அழுக்கு, சோப்புத் தண்ணீரே போதும்.

பழைய பூஞ்சையைக் கொல்லாமல் அதன் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தால் ஒரே மழைக்காலத்தில் புதுப் பெயிண்டைத் துளைத்துக்கொண்டு வரும். பெயிண்டர் உப்புத்தாளைப் போட்டு மேலாகத் தேய்த்துவிட்டு அடித்திருப்பார், தேய்த்ததில் தூள் பறந்து மற்ற மூலைகளுக்கும் பரவியிருக்கும். பூஞ்சையை முதலில் கொல்ல வேண்டும், பிறகு கழுவ வேண்டும், காய்ந்த பிறகுதான் தேய்க்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

கடையில் கிடைக்கும் வீட்டு உபயோக பிளீச் திரவம் என்றால் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர். பிளீச்சிங் பவுடர் என்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 30 கிராம் போட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுங்கள், அடியில் தங்கும் சுண்ணாம்பு வேண்டாம். ஸ்பாஞ்சில் நனைத்துப் பிழிந்து புள்ளிகள் மேல் ஒற்றி, கால் மணி நேரம் விட்டு, நல்ல தண்ணீரில் இரண்டு தடவை துடைக்கவும். ஸ்ப்ரே அடிக்காதீர்கள், தலைக்கு மேலே அடிப்பது அத்தனையும் நம் முகத்தில்தான் விழும். கண்ணாடி, கையுறை, பழைய சட்டை கட்டாயம். ஜன்னல் கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். கலர் சீலிங் என்றால் ஓரத்தில் தொட்டுப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள், வெளுத்துவிடும்.

இன்னொன்று, இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: பிளீச்சோடு கக்கூஸ் கழுவும் ஆசிட்டையோ, அமோனியா கலந்த கிளீனரையோ ஒருநாளும் சேர்க்கக் கூடாது. ஆசிட்டோடு சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஐந்துக்கு எட்டடி பாத்ரூமுக்குள் ஏணி மேல் நின்றுகொண்டு அதை மூச்சில் இழுத்தால் இறங்கி வெளியே வருவதற்குக்கூட நேரம் இருக்காது. அன்றைக்குக் காலையில் ஆசிட் ஊற்றிக் கழுவியிருந்தால் பிளீச் வேலையை மறுநாள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓரம் கறுத்த மஞ்சள் வளையம்

இதுதான் பெரிய தலைவலி. நடுவில் வெளிறியும் ஓரத்தில் அடர்ந்தும் ஒரு வளையம், சில சமயம் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு மூன்று. ஒவ்வொரு தடவை நனைந்து காயும்போதும் தண்ணீர் தான் கரைத்துக்கொண்டு வந்த அழுக்கை ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப் போவதால் வருவது இது. அதாவது மேலேயிருந்து தண்ணீர் இறங்குகிறது, அல்லது முன்பு இறங்கியிருக்கிறது.

இப்போதும் இறங்குகிறதா, பழைய கதையா என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் பென்சில். வளையத்தின் ஓரத்தை ஒட்டி மெல்லிசாகக் கோடு போட்டுப் பக்கத்தில் தேதி எழுதிவிடுங்கள். கறை கோட்டைத் தாண்டினால் கசிவு உயிரோடு இருக்கிறது. எப்போது தாண்டுகிறது என்று கவனித்தால் எங்கிருந்து வருகிறது என்பதிலும் பாதி தெரிந்துவிடும். மழை பெய்தால் மட்டும் பெரிதாகிறது என்றால் மொட்டை மாடி. மேல் வீட்டில் குளிக்கும்போது, துவைக்கும்போது மட்டும் என்றால் கழிவுநீர்க் குழாய் அல்லது அவர்கள் பாத்ரூம் தரை. யாரும் எதையும் பயன்படுத்தாத ராத்திரியிலும் வளர்ந்தால் எப்போதும் தண்ணீர் நிற்கிற குழாய், அதாவது டேங்கிலிருந்து வரும் சப்ளை லைன்.

தனி வீட்டுக்காரர்கள் முதலில் மாடிக்குப் போய் டேங்கைப் பாருங்கள். குழாய் வேலை சுருங்கட்டும் என்று பாத்ரூமுக்கு நேர் மேலேயே சின்டெக்ஸ் டேங்கை வைத்திருக்கும் வீடுகள் அண்ணா நகர், கே.கே. நகர், வில்லாபுரம் என்று எங்கே பார்த்தாலும் உண்டு. மோட்டாரைப் போட்டுவிட்டு சீரியல் பார்க்க உட்கார்ந்தால் டேங்க் நிரம்பி வழியும், வழியும் குழாய் தண்ணீரைத் தளத்தின் ஒரே இடத்தில் கொட்டும், அங்கே தட்டோட்டின் இடுக்கில் பூசிய கலவை கரைந்து போயிருக்கும். கட்டைவிரல் நகத்தால் அந்த இடுக்கைக் கீறிப் பாருங்கள், மணலாக உதிர்ந்தால் கசிவின் ஊற்று அங்கேதான். வழியும் குழாயை ஒரு முழங்கை (எல்போ) போட்டு நீட்டி மழைநீர்க் குழாய் வாயில் விடுவது சின்னச் செலவு. இடுக்குகளைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் புகாத பவுடர் கலந்த சிமெண்டால் மறுபடி பூச வேண்டும். மாடியில் தண்ணீர் தேங்கினால் வாட்டத்தையும் பார்க்க வேண்டும். குழாய் வாயில் வேப்பிலையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டு கிடந்தால் என்ன வாட்டம் இருந்தும் பயனில்லை, ஐப்பசி பிறக்கும் முன் ஒரு தடவை அதைச் சுத்தம் செய்துவிடுங்கள்.

மாடி முழுக்க வெள்ளையாகக் கூலிங் பெயிண்ட் அடித்துவிட்டால் கசிவும் நின்றுவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெயிலைத் திருப்பும், விரிசலை அடைக்காது. நீர்க்காப்புப் பூச்சு என்று தனியாகவே விற்கிறார்கள், அதையும் விரிசலை V மாதிரி வெட்டி நிரப்பிய பிறகுதான் அடிக்க வேண்டும்.

அடுக்குமாடி என்றால் விஷயம் கொஞ்சம் நயமாகப் போக வேண்டும். மேல் வீட்டு பாத்ரூம் தரைக்கு அடியில் பள்ளம் விட்டுச் செங்கல் துண்டு போட்டு நிரப்பியிருப்பார்கள், அதற்குள் குழாய்கள் ஓடும். ஒரு இணைப்பு விட்டுப்போனாலும், டைல்ஸ் இடுக்கை அடைத்திருக்கும் கிரவுட் பூச்சு போனாலும் அந்தப் பள்ளம் தொட்டி மாதிரி நிரம்பி மெதுவாக நம் சீலிங் வழியாக இறங்கும். கண்டுபிடிக்க ஒரு சோதனை இருக்கிறது. மேலே தரைத் துவாரத்தைத் துணியும் பிளாஸ்டிக் கவரும் வைத்து இறுக்கி அடைத்துவிட்டு, தரையில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் முழுக்க யாரும் உபயோகிக்காமல் விட்டுவிட வேண்டும். தண்ணீர் மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு வையுங்கள். மட்டம் நன்றாக இறங்கி, கீழே கறை ஈரமானால் தரைதான் குற்றவாளி. தரை தாங்கிவிட்டால் அடைப்பை எடுத்து அத்தனை தண்ணீரையும் ஒரேயடியாகப் போகவிடுங்கள், அப்போது கீழே சொட்டினால் தரைத் துவாரத்துக்கு அடியில் இருக்கும் நஹானி ட்ராப் அல்லது கழிவுக் குழாய். தண்ணீரில் கொஞ்சம் கலர் கலந்துவிட்டால் சந்தேகமே இருக்காது.

மேல் வீட்டார் இதற்குச் சம்மதிக்க வேண்டுமே. "உங்க வீட்டுத் தண்ணிதான் எங்க தலையில ஊத்துது" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். "அக்கா, ஞாயித்துக்கிழமை நீங்க ஊருக்குப் போறப்ப ஒரு நாள் மட்டும் தண்ணிய நிறுத்திப் பாத்துக்கிருவமா? பிளம்பர் கூலி நாங்க குடுத்துர்றோம்" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சோதனைக் கூலி நமக்குச் சின்னது, அவர்கள் டைல்ஸை உடைக்க வேண்டுமா வேண்டாமா என்பது அவர்களுக்குப் பெரியது. டைல்ஸ் இடுக்குதான் காரணம் என்றால் பழைய கிரவுட்டைச் சுரண்டிவிட்டு எப்பாக்சி கிரவுட் போட்டாலே பல சமயம் நின்றுவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கசிவு நின்றதும் உடனே பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள். கான்கிரீட் குடித்த தண்ணீர் இறங்கக் குறைந்தது இரண்டு மூன்று வாரம் ஆகும், மழை நாளில் இன்னும் அதிகம். காய்ந்துவிட்டதா என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரத்துக்கு ஒரு கண்ணாடி பிளாஸ்டிக் ஷீட்டைக் கறை இருந்த இடத்தில் நான்கு பக்கமும் டேப் போட்டுக் காற்றுப் புகாமல் ஒட்டி 16 மணி நேரமாவது விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, அந்த இடம் மட்டும் கறுத்திருந்தாலோ இன்னும் பொறுக்க வேண்டும்.

வளையம் இருந்த இடத்தில் சாதாரணத் தண்ணீர் பிரைமரும் எமல்ஷனும் அடித்தால், அந்தத் தண்ணீரிலேயே கறை மறுபடி கரைந்து மேலே வந்துவிடும். மூன்று கோட்டிங் அடித்தும் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது என்று புலம்புகிறவர்களின் கதை இதுதான். அந்த இடத்துக்கு மட்டும் தின்னரிலோ டர்பன்டைனிலோ கலக்கும் ஆயில் பிரைமரை வளையத்துக்கு அரையடி வெளியே வரை அடித்து, ஒரு நாள் காயவிட்டு, அதன் மேல் எமல்ஷன் அடியுங்கள். வாடை அதிகம் இருக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம்.

உப்பும் துருவும்

வெள்ளையாகப் பஞ்சு மாதிரி பூத்து, தொட்டால் பொடியாக உதிர்ந்து, பெயிண்டைச் செதில் செதிலாகத் தள்ளினால் அது உப்பு. நம் பக்கம் பல போர்வெல்களில் உப்புத் தண்ணீர்தான், அதிலேயே கலவை குழைத்து அதிலேயே நனைத்துக் கட்டிய வீடுகளில் இது தீராத தொல்லை. ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கூட்டிக்கொண்டு வருகிறது, ஈரம் போய்விடுகிறது, உப்பு தங்கிவிடுகிறது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து மறுபடி உள்ளேதான் போகும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்து, கீழே விழுந்ததைக் கூட்டி அள்ளிவிட்டு, ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு கொஞ்ச நாள் கழித்து மறுபடி பூக்கிறதா என்று பாருங்கள். பூக்கவில்லை என்றால் காரத்தைத் தாங்கும் பிரைமர் போட்டு அடிக்கலாம். புதுப் பூச்சு என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிடாமல் பெயிண்டைத் தொடவே கூடாது.

பொடியாக இல்லாமல் கல் மாதிரி கெட்டியாக, சில இடங்களில் ஊசி ஊசியாகத் தொங்கினால் அது கான்கிரீட்டிலிருந்து தண்ணீர் கரைத்துக்கொண்டு வரும் சுண்ணாம்பு. தளத்தில் விரிசல் இருக்கிறது, தண்ணீர் வெகுகாலமாக ஓடுகிறது என்று அர்த்தம்.

செம்பழுப்புக் கோடு, அதை ஒட்டி நீளவாக்கில் விரிசல், தட்டினால் டொக் டொக்கென்று பொய்ச் சத்தம் - இப்படி இருந்தால் பெயிண்டரை மறந்துவிடுங்கள். உள்ளே கம்பி துருப்பிடித்து உப்பிக் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. ஒருநாள் சில்லு பெயர்ந்து குளிக்கிறவர் தலையிலேயே விழும். அந்த இடத்தைக் கொத்திக் கம்பியைத் துருப் போகத் தேய்த்து, துருத் தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும். பெரிய பரப்பு என்றால் இன்ஜினியர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது. கொக்கி, கீசர் போல்ட் இவற்றைச் சுற்றி மட்டும் துரு என்றால் பயப்பட ஒன்றுமில்லை, உப்புத்தாள் போட்டு ரெட் ஆக்சைடு அடித்துவிட்டால் போதும்.

சீலிங் முழுக்கச் சீராக மஞ்சளித்திருந்தால் கறை என்றே எடுத்துக்கொள்ள வேண்டாம். பழைய பாத்ரூம்களில் எனாமல் அடித்திருப்பார்கள். வெளிச்சம் படாத இடத்தில் எனாமல் தானாகவே மஞ்சளாகும். பளபளப்புப் போகத் தேய்த்துவிட்டு பிரைமர் போட்டு எமல்ஷன் அடிப்பதோடு சரி.

மறுபடி அடிப்பதானால்

நல்ல காலம் என்றால் மாசி, பங்குனி. மழை ஓய்ந்து தளம் காய்ந்திருக்கும், ஆவியும் அதிகம் வராது. சித்திரை வெயிலில் மேல்தளத்து சீலிங் சாயங்காலம் அடுப்பு மாதிரி கொதிக்கும், பெயிண்ட் பரவும் முன்பே காய்ந்து ரோலர் தடம் தெரியும், அதனால் காலையிலேயே முடித்துவிடுங்கள். பொங்கலுக்குத்தான் அடிப்பேன் என்றால் பாத்ரூமைக் கடைசிக்குத் தள்ளாமல் முதல் நாளே அடிக்கச் சொல்லுங்கள், ஹாலும் அறைகளும் முடிகிற வரைக்கும் அது காய்ந்துகொண்டிருக்கும்.

பட்டி விஷயத்தில் நான் கறார். பாத்ரூம் சீலிங்குக்கு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கூடவே கூடாது, அது ஜிப்சம், ஈரத்தில் ஊறி மெத்தென்று ஆகிவிடும். ஒயிட் சிமெண்ட் பட்டியை மெல்லிசாகப் பார்க்கலாம், பள்ளம் மேடு அதிகம் இல்லையென்றால் பட்டியே வேண்டாம். குளிக்கும்போது யாரும் சீலிங்கின் வழவழப்பை ரசிக்கப் போவதில்லை.

பழைய பெயிண்டை ஈரக் கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவாக வந்தால் அடியில் இருப்பது டிஸ்டெம்பர் அல்லது சுண்ணாம்பு. பட்டித்தகடு போட்டுச் சுரண்டி, கழுவி எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் புதுப் பெயிண்ட் முதல் மழைக்கே தோல் உரிந்து தொங்கும். பிறகு பிரைமர், அப்புறம் மெல்லிசாக இரண்டு கோட்டிங், நடுவில் நாலு முதல் ஆறு மணி நேரம் இடைவெளி. பெயிண்டில் எதற்குக் காசைக் கொட்டாவிட்டாலும், பூஞ்சைத் தடுப்பு உள்ள, கழுவித் துடைக்கக்கூடிய, லேசான பளபளப்புள்ள எமல்ஷனாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு சின்ன சீலிங்குக்கு ஒரு லிட்டரே இரண்டு கோட்டிங்குக்குத் தாராளம், அதில் போய் டிஸ்டெம்பர் வாங்கி மிச்சம் பிடிக்க என்ன இருக்கிறது?

மாசி வீதிகள் பக்கம் இருக்கும் பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளுக்கு இந்த எதுவும் பொருந்தாது. மரக்கட்டைமேல் செங்கலைச் சுண்ணாம்பில் அடுக்கிய கூரை அது, ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன் அடியில் எமல்ஷன் அடித்தால் ஈரம் உள்ளே சிக்கி மரத்தைக் கெடுக்கும். சுண்ணாம்பே அடியுங்கள். அதன் காரத்தில் பூஞ்சையும் சுலபத்தில் பிடிக்காது.

கறையை மறைக்க பிவிசி ஃபால்ஸ் சீலிங் போடும் யோசனை இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். கசிவை நிறுத்திவிட்டுப் போட்டால் சரி. நிறுத்தாமல் போட்டால் கம்பி துருப்பிடிப்பது கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆவி வெளியே போகட்டும்

இவ்வளவு வெயில் ஊரில் சீலிங் எப்படி வியர்க்கும் என்று கேட்பார்கள். மார்கழி விடிகாலையில் மேல்தளத்து பாத்ரூமைப் பாருங்கள். ராத்திரி முழுக்கத் திறந்த வானத்துக்கு வெப்பத்தை விட்டுத் தளம் குளிர்ந்திருக்கும், அப்போது கீழே வெந்நீர்க் குளியல். ஆவி மேலே போய்க் குளிர்ந்த கான்கிரீட்டைத் தொட்டதும் தண்ணீராகிவிடுகிறது. பகலில் அதே தளம் சுடும் என்பதால் ஒன்பது மணிக்கு ஏறிப் பார்த்தால் ஈரமே தெரியாது. நாளுக்கு நாள் இது நடந்தால் பூஞ்சைக்கு அதுவே போதும்.

எக்ஸாஸ்ட் ஃபேனைக் குளிக்கும்போது மட்டும் போடாமல் குளித்து முடித்த பிறகும் கால் மணி, இருபது நிமிடம் ஓடவிடுங்கள். ஐந்துக்கு எட்டடி பாத்ரூமுக்கு ஆறு அங்குல ஃபேன் போதும், சீலிங்கை ஒட்டி உயரத்தில், கதவுக்கு எதிர்ப்பக்கம் இருந்தால் நல்லது. ஒரு டிஷ்யூ தாளைக் கிட்டே காட்டுங்கள், ஃபேன் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் வெளிமூடியில் தூசி அடைத்திருக்கும், அல்லது கதவுக்கு அடியில் காற்று வரவே இடம் இருக்காது. கொசுவுக்குப் பயந்து வென்டிலேட்டர் கண்ணாடி இடுக்கில் அட்டையைச் சொருகி வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட்டு வலை அடித்துக்கொள்ளலாம்.

புதுப் பெயிண்ட் அடித்த பிறகு முதல் இரண்டு மூன்று நாள் அந்த பாத்ரூமில் குளிக்க வேண்டாம். ஒரே பாத்ரூம்தான் இருக்கிறது என்றால் பக்கெட்டில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துவிட்டு அதன் மேல் வெந்நீரை விடுங்கள், ஆவி பாதியாகக் குறையும். ஒரு மாதம் வரை ஷவரில் வெந்நீரைத் திறந்துவிட்டு நிற்பதைத் தள்ளிப்போடுங்கள், ஈரத்துணியை உள்ளேயே கொடி கட்டிக் காயப் போடுவதையும்தான். குளித்து முடித்தவர் சீலிங்கில் துளி தெரிந்தால் கம்பில் துணி சுற்றி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு வரலாம், ஒரு நிமிட வேலை.

மிச்சம் இருக்கும் பெயிண்டைப் பெயிண்டர் கொண்டுபோக விடாதீர்கள். சின்ன டப்பாவில் வாய் வரை நிரப்பி இறுக்கி மூடி, கம்பெனி, ஷேடு நம்பர், அடித்த தேதி மூன்றையும் மேலே எழுதிப் பரணில் போட்டு வையுங்கள். பின்னால் ஒரு இடத்தில் மட்டும் தொட்டு அடித்தால் அதே பெயிண்ட் என்றாலும் திட்டாகத்தான் தெரியும். கறை இருந்த இடத்துக்குப் பிரைமர் போட்ட பிறகு, சீலிங்கை மூலைக்கு மூலை முழுசாக ஒரு கோட்டிங் அடிக்க அந்த டப்பா போதுமா என்று இப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.